தண்ணீருக்கு ஒரு விரல் இறக்கம்

ஏப்ரல் 8, புதன்

காலையிலிருந்தே அனல். மாமரத்தில் ஓர் இலை அசையவில்லை. நான் படிப்பிக்கிற முன்பள்ளிக்கு நேற்றோடு விடுமுறை. பிள்ளைகளின் சத்தம் இல்லாமல் நாள் என்னவோ போல.

இன்று பெரிய நாள். ஏசி வந்து சுவரில் பூட்டியாயிற்று. இந்த ஒழுங்கை வீடுகளில் முதல் ஏசி எங்களுடையது. பூட்டுகிற தம்பி வவுனியாவிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார், ஆனால் நடுவில் கரண்ட் போய் அரை நாள் வீண். கரண்ட் வந்ததும் அவசர அவசரமாகச் சுவரில் ஓட்டை, பெட்டியை மாட்டல், குழாய் பொருத்தல். "ஓமந்தையில இன்னொரு வீடு இருக்கக்கா, இருட்ட முன்னம் போகவேணும்" என்று தேத்தண்ணியை நின்ற நிலையில் குடித்துவிட்டு ஓட்டம். பாவம், சித்திரை வருசத்துக்கு முந்தின கிழமை எல்லாருக்கும் ஒரே அவதி.

இவர் (என் மனுசனுக்கு இந்தக் கொப்பியில் வேறு பெயர் கிடையாது) கட்டிலில் கிடந்தபடி முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். மேசன் கண் சும்மா இருக்காது. "ஓட்டை கொஞ்சம் சரிஞ்சு போகுது போல" என்று ஒருதரம் முணுமுணுத்தார். குளிர்காற்று முகத்தில் பட்டதும் அதையும் மறந்துவிட்டார்.

மாங்குளத்தில் ஒரு கூரை வேலையில் ஏணியிலிருந்து இவர் விழுந்து மூன்று வருடம். கை இரண்டும் நல்லது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை, வேர்வையும் இல்லை. வேர்க்காத உடம்பு வெயிலை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ளும். போன சித்திரையில் அப்படித்தான் காய்ச்சல் ஏறி, கண் செருகி, ஆஸ்பத்திரி. "மருந்தைவிட இவருக்குக் குளிரான அறைதான் வேணும் அம்மா" என்றார் டொக்டர். அதைக் கேட்டுத்தான் ரொறன்ரோவில் இருக்கிற இவரின் தம்பி சுதன் (இனி சு.) ஏசிக்கு ஏற்பாடு செய்தது.

பின்வீட்டு மலரக்கா வந்து பெட்டிக்கு நேரே முகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"உதென்னடி இந்தக் குளிர். கம்பளி கிடக்கே உன்னட்ட?"

இவர் பின்னேரம் நித்திரை. வாய் திறந்த, நிம்மதியான நித்திரை. எத்தனை மாதத்துக்குப் பிறகு. கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. பரவாயில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

விடிந்ததும் இவரைத் திருப்பிவிடப் போனேன். விரிப்பு நனைந்திருந்தது. இடுப்புக்குக் கீழே முழுவதும். இவர் விழித்துத்தான் இருந்தார், ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் பார்த்தபடி. விரிப்பின் ஓரம் கையில் பட்டுத் தெரிந்திருக்கிறது.

"குழாய் கழண்டிட்டுது போல" என்றார். குரலே இல்லை. "எனக்குத் தெரியேல்லை வதனி."

"அதுக்கென்ன, கழுவினால் போச்சு" என்று மூத்திரம் சேருகிற சலப்பையைப் பார்த்தேன். பை சரியாகக் கிடக்கிறது. குழாயும் சரி. எங்கும் ஒழுகவில்லை. ஒன்றும் விளங்கவில்லை. விரிப்பை உருவி எடுத்து மணந்து பார்த்தேன். வாசமே இல்லை. பச்சைத் தண்ணீர், அதுவும் சில்லென்று.

அண்ணாந்து பார்த்தால் ஏசிப் பெட்டியின் மூலையில் ஒரு சொட்டு. வீங்கி, தொங்கி, டப். அடுத்த சொட்டு.

"இஞ்ச பாருங்கோ. மேல பாருங்கோ!"

இவர் பார்த்தார். அடுத்த சொட்டு முழங்காலில் விழுந்தது. பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கட்டில் ஆடியது. எனக்கும் சிரிப்பு.

ஆனால் சிரித்து முடிக்கிற விசயம் இல்லை. வலது இடுப்பில் ஒரு சிவப்பு. கை அகலம்கூட இல்லை, என்றாலும் சிவப்பு. ஈரத்தில் ஊறின தோல் அப்படித்தான் தொடங்கும். பிறகு புண், பிறகு மாதக்கணக்கு. முதல் வருடம் பட்டது போதும். துடைத்து, பவுடர் போட்டு, இடது பக்கம் சரித்துவிட்டேன்.

தண்ணீர் சுவர் வழியாகவும் இறங்கி பிளக் வரை வந்திருக்கிறது. அதைக் கண்டதும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். ஏசி நின்றது. அறை உடனே சூடு.

ஏசித் தம்பிக்கு அழைத்தேன். பின்னால் பஸ் சத்தம்.

"ஐயோ அக்கா, வருசத்துக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறன். திரும்பி வந்தோடன முதல் வேலை உங்கட வீடுதான். சத்தியமா."

குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கும் தாய் தகப்பன் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அவர் வரும்வரை? வெளியே தார் ரோட்டில் கானல்.

ஏப்ரல் 10, வெள்ளி

வெயில் நேற்றைவிட மோசம். கோயிலுக்குப் போகவில்லை.

பிளக் காய்ந்ததும் மெயினைப் போட்டேன், ஆனால் ஏசி போடாமல் காலை போயிற்று. ஈரத் துவாய் நெஞ்சில், ஈரத் துவாய் தலையில், ஃபான் முகத்துக்கு நேரே. ஃபான் காற்றே அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி. பதினொரு மணிக்கு இவர் முகம் சிவந்து உதடு காய்ந்துவிட்டது. உடம்பைத் தொட்டால் சுடுகிறது. பயந்து ஏசியைப் போட்டேன். பெட்டிக்குக் கீழே பொலித்தீனைக் கட்டி, சரித்து, கீழே வாளி வைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு சமைக்கக் குசினிக்குப் போனேன். அரை மணித்தியாலத்தில் பொலித்தீன் பாரம் தாங்காமல் அறுந்து முழுத் தண்ணீரும் கட்டிலில். மறுபடியும் விரிப்பு, துடைப்பு, பவுடர்.

கட்டிலை நகர்த்தலாமே என்றா மலரக்கா. எங்கே நகர்த்த? ஒரு பக்கம் கதவு, ஒரு பக்கம் யன்னல், மற்றப் பக்கம் சக்கரக் கதிரைக்கு இடம் வேண்டும். அதோடு சுவரில் பிளக் இருக்கிறது. அது நனைந்தால் வீடே போகும்.

பின்னேரம் சு. வீடியோவில் வந்தான். அங்கே இன்னும் குளிராம், கழுத்தில் துணி சுற்றியிருந்தான். வீடுகளுக்குச் சூடாக்கிற அடுப்புப் பூட்டுவதுதான் அவனுக்கு வேலை. காஸில் எரிகிற பெரிய அடுப்பு. நிலவறையில் இருந்து வீடு முழுக்கச் சூட்டுக்காற்று அனுப்புமாம்.

"அண்ணி, எங்கட அடுப்பிலயும் தண்ணி வரும், தெரியுமே?"

"நெருப்பிலயிருந்து தண்ணியோ? சும்மா பகிடி விடாதையும்."

"பகிடி இல்லை அண்ணி. புதுசா வாற அடுப்பெல்லாம் புகையில இருக்கிற சூட்டையும் உறிஞ்சி எடுத்துப்போடும். சூடு போன புகை வேர்த்து, தண்ணியா வடியும். ஒரு நாளைக்கு வாளிக்கணக்கில. அதுக்குக் குழாய் வச்சு வெளியில விடவேணும். அதைப் பிழையா வச்சால் நிலவறை வெள்ளம். நான் முதல் பூட்டின அடுப்பு அப்பிடித்தான், வீட்டுக்காரி என்னைக் கலைக்காத குறை."

அங்கே நெருப்பு வேர்க்கிறது, இங்கே குளிர் வேர்க்கிறது. எது வேர்த்தாலும் தண்ணீர் தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டேன். வேர்க்காதது இவர் ஒருவர்தான்.

ஃபோனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னான். பிறகு வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தைக் காட்டச் சொன்னான். ஒரு கோப்பைத் தண்ணீரை எட்டி வெளிக்குழாயின் வாயில் மெல்ல ஊற்றச் சொன்னான். ஊற்றினேன். உள்ளேயிருந்து இவர் கத்துகிறார்: "இஞ்ச வருது! உள்ளுக்கு வருது!"

அவ்வளவுதான் விசயம். ஓட்டை உள்பக்கம் சரிந்து கிடக்கிறது. வெளியே போகவேண்டிய தண்ணீர் மேடேற முடியாமல் திரும்பி வருகிறது. முதல் நாளே இவர் முணுமுணுத்தது சரி.

"இறக்கம் இல்லாமல் தண்ணி போகாது" என்றார் இவர். "புது ஓட்டை போடவேணும். அதுக்குக் கீழ, வெளிப்பக்கம் சரிச்சு."

"அப்ப போடுவம். நான் போடுறன்."

"நீயோ?"

"ஏன், கை இல்லையே எனக்கு?"

"கை இருக்கு. ஏணியில ஏறவேணும் வதனி."

"ஏறுறன்."

"ஏறக்கூடாது."

"பிறகென்ன செய்யிற? அவர் வருமட்டும் இப்பிடிக் கிடந்து வேகப் போறியளோ?"

"வெந்தால் வேகிறன். நீ ஏணியில ஏறக்கூடாது. இதுக்கு மேல கதை இல்லை."

சு. ஃபோனுக்குள் இருந்து முழித்துக்கொண்டிருந்தான். பாவம், நாங்கள் அவனைக் கட் பண்ணவே மறந்துபோனோம்.

ஏப்ரல் 11, சனி

இவர் கதைக்கவில்லை. இரவும் இல்லை, காலையும் இல்லை. தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார். இடியப்பத்தைத் தின்றார். என்னைப் பார்க்கவில்லை.

நானும் கோபமாகத்தான் இருந்தேன். முப்பது பிள்ளைகளை ஒரு கயிற்றில் பிடித்து ரோட்டைக் கடக்கிறவள் நான். இரண்டு மீற்றர் ஏணி எனக்கு ஒரு பொருட்டா?

ஆனால் துவாய் நனைக்கும்போது நினைத்தேன். அவர் விழுந்த அன்று என்னிடம் வந்து சொன்னவர்கள் "ஒண்டுமில்லை, சின்னக் காயம்" என்றார்கள். அதுவும் பெரிய உயரம் இல்லை.

மத்தியானம் கரண்ட் இல்லை. ஃபானும் இல்லை. உடம்பு நூற்றியொன்றுக்கு மேல். விசிறியால் வீசி வீசிக் கை கழன்றுவிட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

"வதனி. பத்திக்குள்ள என்ர சாக்குக் கிடக்கு. எடுத்துக்கொண்டு வா."

வேலைச்சாமான் சாக்கு. விழுந்த நாளில் யாரோ கொண்டுவந்து போட்டது, அப்படியே கிடந்தது. அவிழ்க்க விட்டதே இல்லை, விற்கவும் விட்டதில்லை. பின்பக்கச் சாய்ப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து கட்டிலில் வைத்தேன். முடிச்சை அவரே அவிழ்த்தார். துளைபோடுகிற றில் மெசின். உளி. சுத்தியல். கரணை, சீமெந்து காய்ந்தபடி. மட்டம் பார்க்கிற கண்ணாடிக் குழாய், சுருட்டினபடி. கடைசியில் நைலோன் கயிறு.

கயிற்றை எடுத்து என் மடியில் போட்டார்.

"ஏணியின்ர தலையை யன்னல் கம்பியோட கட்டவேணும். காலையும் கட்டவேணும். இறங்கி ஏறுற ஒவ்வொரு முறையும் முடிச்சைப் பிடிச்சு இழுத்துப் பாக்கவேணும். என்ர ஏணியை அண்டைக்கு ஒருத்தரும் கட்டேல்லை. நானும் கட்டேல்லை. அவசரம்."

"சரி."

"சரி எண்டு சொல்லாத. கட்டிக் காட்டு."

கட்டிலின் கால்மாட்டில் கட்டிக் காட்டினேன். அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டச் சொன்னார். மூன்றாம் முறைதான் தலையாட்டினார்.

பின்னேரம் மலரக்காவை இவரோடு விட்டுவிட்டு சைக்கிளில் மாங்குளம் சந்திக்குப் போனேன். ஏ9 ரோடு முழுக்க வருசக் கூட்டம், பஸ் படியில் தொங்கிக்கொண்டு சனம். கட்டடச் சாமான் விற்கிற றியாஸ் நானா கடையைப் பூட்டப் போகிற நேரம். முன்பு முல்லைத்தீவில் கடை வைத்திருந்தவர். இங்கே வந்த நாளிலிருந்து இவர் சாமான் வாங்கினது எல்லாம் அவரிடம்தான்.

வாங்கினது:
பிவிசி குழாய், மெல்லிசு
எல்போ, குழாயை வளைக்கிற துண்டு (ஒன்று போதும் என்று இவர், சு. கூடுதலாக வாங்கச் சொன்னான், ஏன் என்று நாளைக்குச் சொல்கிறானாம்)
பைப் கம், குழாயை ஒட்ட
குழாய் பிடிக்கிற கிளிப், ஆணி
கறுப்பு ரேப் (ஒட்டுகிற நாடா)

"ஆர் தங்கச்சி பூட்டுறது? மெக்கானிக் வந்திட்டாரே?"

"நான்தான் நானா."

என்னை ஒருமுறை பார்த்தார். சிரிக்கவில்லை. "அப்ப குழாயை நான் இங்க வெட்டித் தரமாட்டன். வாளைக் கொண்டுபோங்கோ, சுவரில வச்சுப் பாத்து வெட்டுங்கோ. கடையில வெட்டினது வீட்டில எப்பவும் நீளம் காணாது." சுவரைத் துளைக்கிற நீளக் கம்பியையும் இரவல் தந்தார். "அவரைச் சுகம் கேட்டன் எண்டு சொல்லுங்கோ. கடையில அவற்ற சத்தம் இல்லாதது எனக்கு ஒரு மாதிரித்தான் கிடக்கு."

குழாயைச் சைக்கிளின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு வந்தேன். ரோட்டில் எல்லாரும் விலகினார்கள். ஒரு பெருமைதான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

எழுத்து கோணல். பயத்தில் இல்லை. றில் பிடித்த கை.

முதலில் இருந்து எழுதவேண்டும்.

வெயில் ஏற முன்னமே தொடங்கினோம். இவரைச் சக்கரக் கதிரையில் ஏற்றி, தலையில் ஈரத் துவாய் போட்டு, வெளியே சுவரின் மறுபக்கம் மாமர நிழலில் விட்டேன். உள்ளே தூசி, அவர் மூச்சுக்கு ஆகாது. கட்டிலைப் பொலித்தீனால் மூடினேன். ஏணி கட்டினேன். தலை, கால். இழுத்துப் பார்த்தேன். வெளியிலிருந்து சத்தம்: "இழுத்துப் பாத்தியே?" "பாத்திட்டன்!" "இன்னொருக்கா!"

பத்தடி தூரத்தில் இருக்கிற மனுசனோடு வீடியோவில் கதை. சு.வும் அதே அழைப்பில். அவனுக்கு அங்கே சனி இரவு. நெஞ்சுக்குக் கீழே ஃபோனை ஏணியில் ரேப்பால் ஒட்டிவிட்டேன். இரண்டு அண்ணன் தம்பியும் என் தாடையைத்தான் முழுநேரமும் பார்த்திருப்பார்கள்.

முதலில் மட்டம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு நுனி உள்ளே என் கையில்; மறு நுனி யன்னல் வழியாக வெளியே. இவர் அதை ஒரு நீளத் தடியில் கட்டிச் சுவரோடு நிமிர்த்திப் பிடித்தார். குழாயின் இரு நுனியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும்; சுவர் நடுவில் இருந்தால் என்ன. உள்ளே தண்ணீர் நின்ற இடத்தில் நான் பென்சில் கோடு போட்டேன். வெளியே தண்ணீர் நின்ற உயரத்தைத் தடியில் குறித்து, அதற்கு ஒரு விரல் கீழே கரித்துண்டால் சுவரில் அடையாளம் போட்டார். அந்தத் தடி நுனியில் கரியைக் கட்டினது அவர் யோசனை.

"ஒரு விரல் இறக்கம். காணும்" என்றார். மூன்று வருடமாகக் கேட்காத குரல். வேலைத்தளத்துக் குரல்.

மெயினை இறக்கிவிட்டு வேலை. கரண்ட் இல்லாமல் றில் ஓடாதே! மலரக்கா வீட்டிலிருந்து வயர் இழுத்தோம்.

முதல் அழுத்தலில் கம்பி சறுக்கிச் சுவரில் ஒரு கோடு. இரண்டாவது, சாந்து பெயர்ந்து கண்ணில். மூன்றாவதில் பிடித்தது. சீமெந்துக் கல் இவ்வளவு கடினமா? கல் அடுக்கி இந்தச் சுவரை அரிந்ததும் இவர்தான். "உங்கட சுவர் விடுதில்லை!" என்று கத்தினேன். "நல்லா அரிஞ்சிருக்கிறன் போல" என்று வெளியிலிருந்து பதில், ஒரு திமிரோடு. தோள் எரிகிறது, வாய் முழுக்கத் தூசி. நடுவில் இறங்கித் தண்ணீர் குடித்தேன். மறுபடி ஏறுமுன் முடிச்சை இழுத்துப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே.

திடீரென்று எதிர்ப்பு இல்லை. கம்பி போய்விட்டது.

"என்ன? பிழைச்சுப் போச்சே?"

"இல்லை வதனி. கரி போட்ட இடத்திலயே வந்திருக்கு. அடையாளத்தைத் தின்னுட்டுது உன்ர கம்பி."

பிறகு குழாய் வேலை. பெட்டியின் அடியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து இடையில் மரத்துண்டு செருகச் சொன்னான் சு. செருகினேன். செப்புக் குழாயோடு சேர்த்துச் சுற்றியிருந்த ரேப்பை வெட்டி, தண்ணீர்க் குழாயை மட்டும் பழைய ஓட்டையிலிருந்து உருவி எடுத்து, கீழே திருப்பி, பிவிசி குழாயில் செருகினேன். குழாய் சுவரோடு சரிந்து புது ஓட்டைக்குள் போய் வெளியே. வெளியே எல்போ, அதிலிருந்து கீழே வாழையடிக்கு.

சு. இப்போதுதான் மிச்ச எல்போவின் கதையைச் சொன்னான். வெளியே குழாய் இறங்குமுன் கீழே வளைந்து மேலே எழும்பி மறுபடி இறங்கவேண்டுமாம், பாம்பு மாதிரி. அடுப்பில் அப்படித்தான் வைப்பானாம். சரி என்று வெளியே போய் அதே மாதிரி கோத்தேன். ஏணியை வெளியே கொண்டுபோய் மறுபடி கட்டவேண்டி இருந்தது. இவர் பக்கத்தில் இருந்தபடி கதிரைச் சக்கரத்தால் ஏணிக்காலை முட்டுக் கொடுத்துக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. நான் இறங்கிக் கால் நிலத்தில் பட்டதும்தான் மூச்சு விட்டார். எனக்குக் கேட்டது.

"கம் பூசாத. முதல் தண்ணி விட்டுப் பார்" என்றார்.

ஏணியை உள்ளே கொண்டுவந்து கட்டி, பெட்டியின் மூடியைத் திறந்து, தட்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் மெல்ல ஊற்றினேன். காத்திருந்தேன். வெளியே ஒன்றும் வரவில்லை. இன்னொரு கோப்பை. பெட்டியின் மூலையில் ஒரு சொட்டு. வீங்கி. தொங்கி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏணியில் நின்றபடியே. இவ்வளவுக்குப் பிறகும்.

"அண்ணை, உள்ளுக்கு நிக்குது தண்ணி" என்றான் சு.

"அந்த வளைவு எதுக்கு வைக்கிறனீ?" என்று இவர் கேட்டார்.

"அடுப்பில எண்டால் புகை குழாயால வீட்டுக்குள்ள வரக்கூடாது அண்ணை. வளைவில தண்ணி நிண்டு மறிக்கும்."

"எங்கட பெட்டியில புகை எங்கயடா?"

சு. நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு: "ஐயோ. இல்லைத்தான். காத்தும் அடைச்சுக்கொண்டு நிக்கும். அண்ணி, கழட்டுங்கோ. பழக்கதோசத்தில சொல்லிப்போட்டன். அண்ணி, மன்னியுங்கோ."

கம் பூசியிருந்தால் முழுக் குழாயையும் வெட்டி எறியவேண்டி வந்திருக்கும். இவர் சொன்னதால் தப்பினோம். ஏணியை வெளியே கொண்டுபோய்க் கட்டி வளைவைக் கழட்டினேன். ஒரே எல்போ, நேரே கீழே. ஏணியோடு உள்ளே ஓடினேன். முடிச்சு. ஏணி. ஒரு கோப்பை. ஊற்றிவிட்டுக் காதைச் சுவரில் வைத்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு குழாய்க்குள் ஒரு சின்னச் சலசலப்பு, என்னைத் தாண்டி, சுவரைத் தாண்டி.

"வருது! வதனி, வருது! ஓடிவா! வருதடி!"

நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். மலரக்கா கையில் அகப்பையோடு ஓடிவந்தா, ஏதோ ஆகிவிட்டது என்று. நான் போனபோது இவர் குனிந்து குழாயின் வாயில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். உள்ளங்கையில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. முகமும் நனைந்திருந்தது; துவாயில் இருந்து வடிந்ததா, என்னவோ. நான் கேட்கவில்லை.

கம் பூசி, கிளிப் அடித்து, பழைய ஓட்டையைச் சுற்றிச் சீமெந்து பூசினேன். கரணை பிடித்தது பிழை என்று இரண்டு தடவை திருத்தினார்.

மத்தியானத்துக்கு முன் ஏசி ஓடியது. இவர் உள்ளே. கட்டில் காய்ந்து கிடக்கிறது.

என் கையைப் பார்க்கிறேன். நகத்தில் சீமெந்து. கழுவ மனமில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

இரவு முழுக்க ஏசி. விரிப்பு காய்ந்தபடி. உடம்புச் சூடு சரி. இடுப்புச் சிவப்பு மங்கிவிட்டது. அமத்தினால் வெளுத்துத் திரும்பி நிறம் வருகிறது. நல்ல அடையாளம் அது, கிளினிக் நேர்ஸ் சொல்லித் தந்தது.

ஒரு குறை. அறைக்குள் ஓடுகிற குழாயின் மேல் முத்து முத்தாக ஈரம். பயந்து ஏசித் தம்பிக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"அக்கா, இது நீங்கள் பூட்டினதோ? உண்மையாவோ? நல்ல வேலை அக்கா. அது ஓட்டை இல்லை, குழாய் குளிர்ந்து வேர்க்குது. மேல ஸ்பொஞ்ச் சுத்தி ரேப் ஒட்டுங்கோ. நான் வந்தோடன ஒழுங்கா செய்து தாறன். என்ர பிழைதான், மன்னியுங்கோ."

பழைய யோகா பாயை வெட்டிச் சுற்றினேன். ஈரம் நின்றது.

சனம் பார்க்க வருகிறது. பலகாரம் சுடவேண்டும் என்று இருந்தவள், வருகிறவர்களுக்குக் குழாய் காட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் சொல்ல வாய் திறக்குமுன் இவர் சொல்லிவிடுகிறார்: "என்ர மனிசி பூட்டினது. தனிய. நான் வெளியில நிழலில இருந்தனான்." மட்டம் பிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் அதைச் சேர்க்கவேண்டி இருக்கிறது. ஆளுக்காள் மற்றவரைப் புகழ்வதைப் பார்த்து மலரக்கா, "புதுசாக் கலியாணம் கட்டினதுகள் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனா. வெட்கமாய்ப் போயிற்று. சந்தோசமாகவும்.

அடுத்த ஒழுங்கையில் புது வீடு கட்டுகிற மணியண்ணையும் வந்தார். வெளியே குழாயின் கீழே கனநேரம் நின்று பார்த்தார்.

"எங்கட வீட்டுக்கும் ஏசி போட யோசினை. எப்ப ஓட்டை போடுறது, பூச முன்னமோ பிறகோ?"

"ஓட்டை போடுறதோ?" இவர் கட்டிலில் இருந்து எழும்பாத குறை. "சுவர் எழும்பேக்கயே விடவேணும். சின்னக் குழாயை இறக்கத்தோட வச்சுக் கல்லை அரியச் சொல்லுங்கோ. பிறகு உடைக்கத் தேவையில்லை."

"அது எந்த இடத்தில எண்டு என்ர மேசன்மாருக்கு விளங்காது. நீங்கள் ஒருக்கா வந்து காட்டிவிடுங்கோவன்."

விழுந்த பிறகு இவர் ஒரு வேலைத்தளத்துப் பக்கம் போனதில்லை. கிளினிக், வீடு. கூப்பிட்டவர்களும் இல்லை.

"பாப்பம்" என்றார்.

ஏப்ரல் 14, செவ்வாய். வருசம்

மூலிகை அவித்த மருத்துநீர் வைத்து இவரைக் குளிக்க வார்த்தேன். புதுச் சாரம் உடுத்திவிட்டேன். பொங்கல் நன்றாகப் பொங்கியது, வெயில்தான் அதற்கும் முன் பொங்கிவிட்டது. சு. வாழ்த்துச் சொன்னான், போன கிழமை பூட்டின ஓர் அடுப்பின் வளைவைக் காட்டி, "இது சரியான இடம் அண்ணி" என்றான். நல்லாய்ச் சிரித்தோம்.

சாப்பிட்டு முடிய இவர் ஒரு பேப்பர் கேட்டார். பென்சில் கேட்டார். மணியண்ணை வீட்டின் அறைகளைக் கீறத் தொடங்கினார். கதவு எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்கிறார். நான் எங்கே கண்டேன்?

"அங்க வேலை எப்ப திரும்பத் தொடங்குது?"

"வியாழன் எண்டு சொன்னவர்."

"காலமை வெயில் ஏற முன்னம் போனால் ரெண்டு மணித்தியாலம் இருக்கலாம். பின்பக்கம் வேப்பமரம் நிக்குது, நிழல் காணும்." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "பின்சுவர் அரியிற சத்தம் போன கிழமை இஞ்ச கேட்டுது. அந்தத் தட்டலுக்கு மட்டம் சரியா வந்திராது. அதையும் சொல்லவேணும்."

கதிரையின் இடப்பக்கச் சக்கரத்தில் காற்றுக் குறைவு. நாளைக்கு அடிக்கவேண்டும். ஒழுங்கை முகப்பில் மணல். மலரக்கா ஒரு கை பிடித்தால் கடந்துவிடலாம்.